ஒன்றா, இரண்டா

மழை நின்று ஒரு மணி நேரம்.
வெப்பமானி ஆறு காட்டுகிறது.
ஐந்தைத் தாண்டினால் அவை கிளம்பிவிடும் என்று
எல்லோருக்கும் செய்தி அனுப்பியவள் மெர்லிட்.
வருவதாகச் சொன்னவர்கள் இருபத்துநான்கு பேர்.
வந்தது ஒன்பது.

இடப்பக்கம் காடு, வலப்பக்கம் குளம்.
நடுவே
தார்த்துவுக்குப் போகும் தார்ச்சாலை.
எஸ்தோனியாவின் ஏப்ரல் இது,
பள்ளங்களில் பழைய பனி
அழுக்குத் துணிபோலக் கிடக்கிறது.
ஆளுக்கொரு மஞ்சள் மேற்சட்டை,
நெற்றியில் விளக்கு, கையில் வாளி.
என் வாளியில் போன கோடையில் ஸ்ட்ராபெர்ரி இருந்தது.

கையை முதலில் நனைத்துக்கொள் என்றாள்,
காய்ந்த கை அவற்றின் தோலுக்கு ஆகாது.
நனைத்தேன்.
விரல்கள் என்னுடையவை இல்லாமல் போயின.

முதல் தேரை
நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தது,
தன் முறை வரட்டும் என்பதுபோல.
தூக்கினேன்.
உள்ளங்கையில் ஒரு சின்ன உந்தல், பிறகு கனம்.
இவ்வளவு கனம் இருக்குமென்று நினைத்ததில்லை.
வயிறு முழுக்க முட்டை.

கணக்கு உக்குவிடம்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்,
உயிரோடு என்று ஒரு பத்தி
நசுங்கியவை என்று ஒரு பத்தி.
காவுர் கொண்டுவந்ததைப் பார்த்து
அவன் பென்சில் நின்றுவிட்டது:
பெரியதன் முதுகில் சின்னது,
இறுகப் பிடித்தபடி.
"இது ஒன்றா, இரண்டா?"
"இரண்டு."
"கடப்பது ஒன்றுதான். மற்றது சவாரி."
நடுச்சாலையில் நின்று சண்டை போட்டார்கள்.
முதுகிலிருந்தவன் எதையும் கண்டுகொள்ளவில்லை.

"கார்!" என்று மெர்லிட் கத்தினாள்.

முதல் கார் மெதுவானது.
இரண்டாவது ஆகவில்லை.
அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.
உக்கு எழுதினான்:
இரண்டாம் பத்தியில் மூன்று கோடு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இந்தச் சாலையில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.
நடந்தது,
அவ்வளவுதான் அது செய்தது.

பதினொன்றரைக்கு நான் ஒரு தப்பு செய்தேன்.
குளத்துப் பக்க ஓரத்தில் ஏழு.
ஓடிப்போய் அள்ளி
நாணலுக்குள் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது
மெர்லிட் கேட்டாள்,
"எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன?"
கவனிக்கவில்லை.
"வயிறு?"
யோசித்தேன். கனமே இல்லை.
முட்டையிட்டு முடித்துக்
காடு திரும்பிக்கொண்டிருந்தவை.
இரவெல்லாம் ஏறிவந்த கரையிலிருந்து
ஒரே நிமிடத்தில் தண்ணீரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்,
பெருமையாக வேறு.

யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.
பிறகு காவுர் சிரித்தான். நல்லவன்.

அதற்கப்புறம் குனிந்த உடனே தூக்கவில்லை.
விளக்கை ஒருபக்கம் திருப்பிவிட்டு
கொஞ்சம் நின்றேன்,
எங்கே போக நினைக்கிறது என்று பார்க்க.

ஒரு மணிக்கு மரலாரி.
பிரேக் பெருமூச்சு விட்டது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி
எங்களை, வாளிகளை, மறுபடி எங்களைப் பார்த்தார்.
"எத்தனை?"
"நானூற்றுப் பன்னிரண்டு" என்றான் உக்கு.
"பதிமூன்று" என்றான் காவுர்.

அவர் எஞ்ஜினை அணைத்தார்.
முன்விளக்கையும்.
அப்போதுதான் குளம் கேட்டது,
தண்ணீருக்கடியில் யாரோ
பெரிய பானையில் கூழ் கொதிக்கவிடுவதுபோல.
இவ்வளவு நேரம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

புறப்பட்டபோது லாரி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
தேருக்குக் கட்டை போடுபவனைப்போல
முன்னால் காவுர் குனிந்து குனிந்து,
அவனுக்கும் முன்னால் ஒரு தேரை.
அது கடக்கும்வரை
நாற்பது டன் தேர் காத்திருந்தது.

காலை எட்டுக்கு வேதியியல்.
கையில் இன்னும் குளத்து வாடை.
முன்பெஞ்சில் உக்கு தூங்குகிறான்,
கன்னத்தடியில் அந்தத் தாள்.
412 அடிக்கப்பட்டு 413.
பக்கத்தில் கழித்தல் போட்டு ஓர் ஏழு,
அந்தக் கழித்தலும் அடிக்கப்பட்டு
அதன் மேல்
ஒரு கேள்விக்குறி.