சுண்ணாம்புக் கோட்டுக்கு இப்புறம்

சேரம்பாடி மைதானத்துக்கு மூன்று பக்கம்தான்.
நாலாவது, தேயிலைச் சரிவு.
அங்கே போன பந்து தானாகத் திரும்பாது.
பதினோரு வருடம் அதைத் தேடி இறங்கி
அட்டை கடித்த கால்களோடு ஏறி வந்தவள் நான்.
இன்று விசில் என் கழுத்தில்.
"யார் அடிச்சாளோ அவளே எடு" என்கிறேன்.
சட்டம் போடுவது எவ்வளவு சுலபம்.

கோயம்புத்தூர் டாக்டர் முழங்காலைப் படம் போட்டுக் காட்டினார்:
அறுந்த கயிறு, புதுக் கயிறு.
ஓடலாம், சட்டென்று திரும்பக் கூடாது என்றார்.
திரும்பாமல் ஓட நான் என்ன கூடலூர் பஸ்ஸா?
அதுவே நாற்பது இடத்தில் திரும்புகிறது.

சான்றிதழ் வகுப்பில் எட்டு நாள் கூம்பு அடுக்கினேன்.
'அணி எப்போதும் பார்வைக்குள் இருக்க வேண்டும்'
என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.
பார்வை!
நாலு மணிக்கே பனி ஏறிவிட்டது.
முதலில் அந்தக் கோல்கம்பம் போனது,
பிறகு நடுவட்டம்,
பிறகு பதினான்கு பிள்ளைகளும்.

கேட்கிறேன்.
மெத்தென்று பட்டால் ஜெசிந்தா, உள்பாதம்.
அந்தக் கோபம் நூருன்னிசா.
சத்தமே இல்லாமல் பந்து நகர்ந்தால்
கொளப்பள்ளி பிந்து.

இடது ஓரத்தில் ஒருத்தி கத்துகிறாள்,
"குடுடி, எனக்குக் குடு, நான் ப்ரீ!"
என் இடம். என் வார்த்தை.
கால் தானாக ஓரடி வைத்துவிட்டது.
சுண்ணாம்பு மிதிபட்டதை
யாரும் பார்க்கவில்லை, பனிக்கு நன்றி.

அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.
எனக்கும் கொடுத்ததில்லை, பிடுங்கித்தான் ஆடினேன்.
அதைச் சொல்லித்தர எந்தக் கூம்பை எங்கே வைப்பது?
விசிலை வாய்க்குக் கொண்டுபோய் இறக்கினேன்.
"பிந்து! இடப்பக்கம் பாரு!
தெரியலன்னா காதால பாரு!"

ஒன்றுமில்லை.
பிறகு ஈரப் புல்லில் நீளமாய் ஓர் உரசல்,
ஒரு மூச்சு,
தொலைவில்
தேயிலைக்குள் எதுவோ விழும் சலசலப்பு.
கோலுக்கு வெளியே. ரொம்ப வெளியே.

"மிஸ், நான்தான் அடிச்சேன்!"
குரல் சிரித்துக்கொண்டே சரிவை நோக்கிப் போகிறது.

இருடி, என்கிறேன்.
எந்தப் புதர் பந்தைப் பிடித்து வைக்கும் என்று
அவளுக்குத் தெரியாது.
பையில் உப்புப் பொட்டலம் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்துவிட்டு
கோட்டைத் தாண்டுகிறேன்.