இருப்பு நாற்பத்தொன்று

ஆண்டு விழாவுக்குக் கிரேக்க நாடகம்.
உடைப் பொறுப்பு என் தலையில்.
செவ்வாய்ப்பேட்டை வாடகைக் கடையில்
ராஜா உண்டு, போலீஸ் உண்டு,
பாரதமாதா மூன்று சைஸில் உண்டு.
"கிரேக்கமா? ஏசு நாடகத்து அங்கி தரட்டுமா?"

எஸ்தர் மேடம் சிரித்தார்.
அங்கி வேண்டாம், தையல்காரரே வேண்டாம்.
தறியை விட்டு இறங்கிய துணி
கத்தரி படாமல் உடம்பேறிய ஊர் அது.
ஆளுக்கொரு எட்டு முழம் கொண்டு வாருங்கள்.

மறுநாள் வந்தன
அப்பாக்களுக்குத் தெரிந்தும் தெரியாமலும்
பன்னிரண்டு வேட்டிகள்.
மேல்விளிம்பை ஒரு முழம் வெளியே மடித்து
உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து
தோளுக்கொரு ஊக்கு, இடுப்புக்கொரு கயிறு.
அம்மாபேட்டைக் கரை போட்ட ஏதென்ஸ்
கோரிமேட்டுக் காற்றில் கொஞ்சம் படபடத்தது.

வெள்ளைதானே மேடம், சிலையெல்லாம் வெள்ளை?
அது மழை செய்த சலவை, என்றார்.
குங்குமப்பூ மஞ்சள், கடல்நத்தை ஊதா,
கண்ணைக் குத்தும் பச்சை,
எல்லாம் இருந்தது. ஒழுகிப் போயிற்று.
எனக்குத் திருமணிமுத்தாறு ஞாபகம் வந்தது:
திங்கள் சிவப்பாய், வியாழன் நீலமாய்
பாலத்தடியில் நுரைத்துப் போகும்.
மேலே யாருடைய சிலையோ
நனைந்துகொண்டிருக்கிறது என்று
இனி சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

கெஜலட்சுமிக்கு இரண்டு புருவமும் ஒன்று.
மாதாமாதம் பார்லர் வாசல்வரை போய்
செருப்பைக் கழற்றாமலே திரும்புகிறவள்.
அங்கே அப்படி இல்லாதவர்கள்
விளக்குக் கரியால் நடுவில் இழுத்துச் சேர்ப்பார்களாம்.
முகத்துக்கு ஈய வெள்ளை பூசுவார்களாம்,
அது மெல்ல மெல்லத் தின்னுமாம்.
அன்றே அவளை ராணியாக்கினோம்.
பவுடர் டப்பாவை மட்டும்
யாரும் அவள் பக்கம் தள்ளவில்லை.

ஒத்திகை முடிந்து
ஊக்குகளை எண்ணும்போதுதான் அந்தக் கதை.
போருக்குப் போன படையில்
ஒருவன் மட்டும் உயிரோடு திரும்பினான்.
என் புருஷன் எங்கே?
என் புருஷன் எங்கே?
கேட்ட ஒவ்வொருத்தியும்
தோளிலிருந்து ஊசியை உருவிக் குத்தினாள்.
அவன் செத்தான்.
ஊர் என்ன செய்தது தெரியுமா?
பெண்களின் உடுப்பை மாற்றியது.
ஊசி தேவைப்படாத மெல்லிய சட்டை,
கை வைத்துத் தைத்தது.

நிஜமா மேடம்?
ஓர் ஆண் எழுதி வைத்திருக்கிறான், என்றார்,
டப்பாவை மூடாமல்.

எனக்கு அந்த ஒருவன் மேலும் பாவமாயிருந்தது.
பிழைத்து வந்தது ஒரு குற்றமா?
கேட்க நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆறு நாற்பது டவுன் பஸ்.
நிற்க இடமில்லை,
நிற்பதுபோல் சாய இடமிருந்தது ஒருவனுக்கு.
பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்தவன்
அஸ்தம்பட்டியிலேயே இறங்கிப் போனான்,
தொடையைத் தேய்த்துக்கொண்டு,
ஒரு வார்த்தை பேசாமல்.
கெஜலட்சுமி பின்கண்ணாடி வழியே
ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்
லாரி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
சேர்ந்த புருவம் சேர்ந்தபடி.

காலையில் கணக்கு நோட்டில் எழுதினேன்:
வாங்கிய ஊக்கு நாற்பத்திரண்டு.
இருப்பு நாற்பத்தொன்று.
எஸ்தர் மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு
இரண்டு தடவை படித்தார்.
கையெழுத்துப் போட்டார்.