காய்க்காத டிசம்பர்

வேலிக்கு அந்தப்புறம் நின்ற மரத்தை
நான்தான் வெட்டச் சொன்னேன்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லீட்ரிமில் குளிர்காலம் கஞ்சப்பயல்.
அது அளந்து ஊற்றும் வெளிச்சத்திலும் பாதியை
ஃபின்டன் காஃப்னியின் ஹாலி மரம் குடித்துவிடும்.
மூன்று மணிக்கே என் அடுப்படி இருண்டுவிடும்.
பழம் பிடிக்காத மரம்;
மே மாதத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ,
அதோடு சரி.
சும்மா நிற்கிறதே என்று கடிதம் எழுதினேன்,
பக்கத்து வீட்டுக்குத் தபால்தலை ஒட்டி.

பதில் ஒரே வரி:
வெட்டிக்கொள், அட்ராக்டா.
செலவும் உன்னுடையது, பாவமும் உன்னுடையது.

ஹாலியை வெட்டினால் ஆகாது.
இந்தப் பக்கத்தில் ஒருவரும் ரம்பத்தைத் தொடவில்லை.
லிதுவேனியாக்காரன் டோமான்டாஸ் வந்தான்.
கட்டை துளிர்க்காதிருக்க மருந்து தடவ
இருபது யூரோ கூடுதல் என்றான்.
வேண்டாம் என்றேன்.
மத்தியானத்துக்குள் முடிந்தது.
உரித்த முள்ளங்கிபோல் அவ்வளவு வெள்ளை அந்த மரம் உள்ளே.

வெளிச்சம் வந்தது.
என் சுவரின் அழுக்கெல்லாம் தெரிந்தது.

என்னுடைய ஹாலி சின்னது, புதர்தான்.
ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நட்டேன்.
இங்கே வேருக்கு முதல் எதிரி மழை.
முழங்கால் உயரம் மேடு கட்டி,
சரளையும் மக்கிய இலையும் கலந்து உட்காரவைத்தேன்.
ஒருமுறை இடம் மாற்றினேன்;
இரண்டு ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.
எப்போதும் பச்சை என்பார்கள்.
பொய்.
ஊரெல்லாம் தளிர்விடும் மே மாதத்தில்
சத்தமில்லாமல் பழைய இலையை உதிர்க்கும் அது.
களையெடுக்க மண்டியிட்டால் தெரியும்:
பச்சை முள்ளைவிடக்
காய்ந்த முள்ளுக்குக் கோபம் அதிகம்.

டிசம்பர்தோறும் சிவந்து நிற்கும்.
பெரிய பூங்குருவி ஒன்று காவல் காக்கும்,
சொத்துத் தகராறில் ஜெயித்தவர்போல்
ஒரு பழத்தைக்கூட இன்னொரு பறவைக்கு விடாது.

மரம் போன மறுவருஷம்
ஒரு பழம் இல்லை.

உரத்தைச் சந்தேகித்தேன்.
மே மாதப் பனியைத் திட்டினேன்.
இலையில் கோலம்போடும் புழுவை
ஒவ்வொன்றாய்க் கிள்ளி எரித்தேன்.
பூங்குருவி வந்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து
கொஞ்ச நேரம் என் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனது.

காரிக் நாற்றங்காலில் அந்தப் பெண் கேட்டாள்:
"உன் ஆண் எங்கே?"
"டப்ளினில். போய் இருபத்தாறு வருஷமாகிறது" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஹாலியில் ஆண் வேறு, பெண் வேறு என்றாள்.
பெண்தான் காய்க்கும்.
ஆண் பக்கத்தில் எங்காவது
சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா.

கவுண்டரில் கை ஊன்றிக்கொண்டேன்.
வெள்ளி ஓரம் போட்ட கன்று ஒன்றை எடுத்துவந்தாள்.
பெயர் வெள்ளி ராணி; ஆனால் ஆண்.
யார் வைத்த பெயரோ, கேட்காதே என்றாள்.
பூக்கச் சில வருஷம் ஆகும்.
எனக்கு அறுபத்தெட்டு.

நட்டேன். மேடு கட்டி, இலைமக்குப் போர்த்தி.
குழி தோண்டி நிமிர்ந்தபோது
வேலி இடுக்கில் பார்த்தேன்:
அந்த வெள்ளைக் கட்டை கறுத்துப்போய்,
அதன் விளிம்பில் ஆறேழு தளிர்,
விரல் உயரம்,
மெழுகு தடவியதுபோல் மினுமினுத்து.
ஃபின்டன் வெளியே வந்து
கெட்டிலில் மிஞ்சிய தேநீரை அதன்மேல் ஊற்றினான்.
என்னைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.

"மருந்து தடவவில்லை போல" என்றான்.

"இருபது யூரோ கேட்டான்" என்றேன்.