நடுக்கோடு

என் வேலை எளிது.
வருகிறவர்களிடம் தாளை நீட்டுவேன்:
பெயர், ஊர், ஆதரவு, எதிர்ப்பு.
அவர்கள் பேசும்போது விளக்கு போடுவேன்.
பச்சை ஒன்றரை நிமிடம், மஞ்சள் அரை நிமிடம்,
அப்புறம் சிவப்பு.
புராவிடன்ஸ் சட்டமன்றத்தின் கீழ்த்தள அறையில்
பதினோரு குளிர்காலமாக இதுதான் என் பிழைப்பு.

அன்று மூன்று மசோதாக்கள் ஒரே கட்டாக வந்தன.
வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு,
குறைந்தபட்சக் கூலியில் உயர்வு,
பெரும் சொத்துகளின் மேல் ஒரு சின்ன வரி.
மூன்றுக்கும் ஒரே தாள்.

நான்கு மணிக்கே வந்துவிட்டார் சுல்மிரா தவாரெஸ்.
பாட்டக்கெட்டில் நாணயம் போட்டுத் துவைக்கும் கடை அவருடையது.
கேப் வெர்டேத் தீவிலிருந்து வந்த குடும்பம்.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம்.
பேனாவை வாங்கி
ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையிலிருந்த கோட்டின் மேலேயே
பெயரை எழுதினார்.

"அம்மா, ஏதாவது ஒரு பக்கம்."
"கோடு ரொம்ப ஒல்லி," என்றார்,
"அதற்கு நான் என்ன செய்ய?"

அவருக்கு முன் ஒரு பொருளாதாரப் பேராசிரியர்
திரையில் படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம் காட்டினார்.
கட்டிட உரிமையாளர்களின் வழக்கறிஞர்
முதலீடு ஓடிவிடும், ஓடிவிடும் என்றார்,
அதற்குக் கால் முளைத்ததைத் தானே பார்த்தவர்போல.
கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி
குழந்தை அழ, பாதியில் போய்விட்டாள்.
குழுவில் ஏழு நாற்காலி. மூன்று காலி.
ஒருவர் மேஜைக்கடியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.
இரவு ஒன்பதே கால்.

"என்னிடம் வரைபடம் இல்லை.
துணி உலர்த்தும் இயந்திரம் பதினான்கு இருக்கிறது.
ஒரு நாணயத்துக்கு ஆறு நிமிடம் சூடு.
மாதத் தொடக்கத்தில் பதினான்கும் சுழலும்.
கடைசி வாரம் வந்தால்
துவைப்பார்கள், உலர்த்த மாட்டார்கள்.
ஈரத்துணியைக் கறுப்புப் பையில் கட்டிப்
பனியில் சுமந்து போவார்கள்.
ஈரம் என்ன கனம் தெரியுமா, ஐயா?
முன்பெல்லாம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல்தான்.
இப்போது பதினைந்திலேயே தொடங்கிவிடுகிறது.
இது என் ஆதரவு."

மஞ்சள்.

"என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்,
நெல்சாவும் டொமிங்கஸும்.
கூலி கூடத்தான் வேண்டும்,
அவர்கள் துணியும் ஈரமாகத்தான் வீடு போகிறது.
ஆனால் கடைக்கும் வாடகை உண்டு.
உங்கள் வரம்பு குடியிருப்புக்கு மட்டும்.
மாடியில் வாடகை நிற்கும், கீழே ஏறும்.
அதே கட்டிடம். அதே முதலாளி.
நான் எந்தப் பக்கம் எழுத?"

சிவப்புப் பொத்தான் என் விரலடியில் இருந்தது.
அழுத்தவில்லை.
இருபது நொடி இருக்கும்.
என் ஆட்சிக்காலம் அவ்வளவுதான்.

அந்த இருபது நொடியும் அவர் பேசவே இல்லை.
காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்,
கடை சாத்துமுன் இயந்திரங்களுக்குள்
யாராவது எதையாவது மறந்துவிட்டார்களா என்று
எட்டிப் பார்ப்பதுபோல.

தலைவர் நன்றி சொன்னார்.
மூன்றும் "மேலும் ஆய்வுக்காக நிறுத்திவைக்கப்படுகின்றன."
ஊறப்போடுவதற்கு எங்கள் அவையில்
இப்படி ஒரு மரியாதையான பெயர்.

எல்லோரும் போனபின் தாளைக் கணினியில் ஏற்றினேன்.
அதற்கு நடுக்கோடு தெரியாது. பெட்டி இரண்டுதான்.
இரண்டிலும் அவர் பெயரை அடித்தேன்.
எனவே அரசு ஆவணப்படி அன்று
வந்ததைவிட ஒருவர் கூடுதலாக வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என் மூட்டையோடு அங்கே போனேன்.
இயந்திரங்களில் புது ஒட்டுத்தாள், கொஞ்சம் கோணல்:
ஒரு நாணயத்துக்கு ஐந்து நிமிடம்.
விளிம்பில் பழைய ஆறின் வால் எட்டிப் பார்த்தது.
"விளக்குக்காரரா?" என்றார் சுல்மிரா.
வேறெதுவும் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார்.

அன்று தேதி இருபத்திரண்டு.
மூன்று நாணயம் போட்டேன். நான்காவதைப்
பேருந்துக்கு வேண்டுமே என்று பையிலேயே விட்டேன்.
ஜீன்ஸின் இடுப்புப்பட்டி இன்னும் ஈரம்.
மடித்து எடுத்துக்கொண்டேன்.