உரிமைக் குறிப்பு

இவர்களில் யாரும் எனக்குச் சொந்தமில்லை.
முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்,
வழக்குப் போட வருகிறவர்கள்
வாசலோடு திரும்பட்டும் என்று.

அரசி உல்வேரா பதினொரு தடித்த புத்தகங்களின் சொத்து.
விளக்கேந்தி ஒரு கணினி விளையாட்டில் இருக்கிறவன்,
ஒரு வசனம்கூடக் கொடுக்காமல் விற்றுவிட்டார்கள்.
ஒர்லிக், பூதங்களுக்குப் பல் பிடுங்கும் பையன்,
குழந்தைகள் தொடரில் வந்தான்.
பாலத்து விளிம்பை ஒற்றைக் கையால் பற்றியிருந்த இடத்தில்
காசில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார்கள்.

ஆறு வருடம் தொங்கினான்.
கை கடுக்காதா?

ஆகவே என் கதையின் முதல் வரியில்
அரசி குதிரையை நிறுத்தி
சட்டைக் காலரைப் பிடித்து
அவனைத் தூக்கிவிடுகிறாள்.

கிளைபெடா துறைமுகத்தில் எனக்கு கிரேன் வேலை.
காற்று கூடினால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள்,
நிறுத்தினால் நோட்டை எடுப்பேன்.
சான்டோஸிலிருந்து ஒரு பெட்டி, நிங்போவிலிருந்து ஒரு பெட்டி,
உள்ளே என்ன என்று கேட்டதில்லை.
பக்கத்தில் பக்கத்தில் இறக்கி வைப்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.

விளக்கேந்தியை எழுதுவது நானில்லை, வைதோதாஸ்.
ஷௌலியையில் பேருந்து ஓட்டுகிறான்,
கடைசி நிறுத்தத்தில் பதினெட்டு நிமிட ஓய்வில் எழுதுவான்.
நேரில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறோம்.
காது பெரிது.

மூவரையும் ஒரு சத்திரத்தில் உட்காரவைத்து
பீட்ரூட் குளிர்சூப் ஊற்றினேன்,
மூன்று உலகத்திலும் பீட்ரூட் கிடையாது என்று தெரிந்தே.
வைதோதாஸ் போன் செய்தான்:
"நாலாம் புத்தகத்தில் அவளுக்கு ஆறின கஞ்சியே இறங்காது, ரிம்கைலே."
"பசித்தால் இறங்கும்" என்றேன்.

சண்டை சூப்பில் வரவில்லை.

அரசியின் உலகத்தில் செத்தவர் செத்தவர்தான்.
ஒன்பதாம் புத்தகத்தில் அவள் தம்பியைப் புதைத்தாயிற்று.
விளக்கேந்தியோ விழுந்தால் மணிக்கூண்டில் மணி அடிக்கும்,
எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வான்,
இதுவரை நானூற்றுச் சொச்சம் தடவை.
ஒர்லிக்கின் உலகத்தில் யாருமே சாவதில்லை.
காலை ஏழு மணி ஒளிபரப்பு, வேறென்ன செய்வார்கள்.

மூன்றாம் கோப்பைக்குப் பிறகு அரசி எழுந்தாள்,
தம்பியின் கையுறையை மேசையில் வைத்தாள்,
எப்படி எழுந்திருக்கிறாய், காட்டு என்றாள்.

அந்த இடத்தில் என் பேனா நின்றது.
"மணி அடிக்கட்டுமே, பையன் வரட்டும்" என்றான் வைதோதாஸ்,
"கதைதானே."
கதைதானே என்றதற்கு
நான் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன்.
ஒரு மாதம் பேசவில்லை.
கப்பல்கள் வந்தன. பனி வந்தது.
அரசி கையை நீட்டியபடி நின்றிருந்தாள்,
இப்போது தொங்கவிட்டது நான்.

பிறகு தபாலில் ஒரு தாள்,
பயணச்சீட்டுச் சுருளின் பின்பக்கம், அவன் கையெழுத்து:

*விளக்கேந்தி கையுறையை எடுத்தான்.
மணிக்கூண்டின் நூற்றுப்பத்துப் படிகளையும் ஏறினான்.
மணியின் நாக்கில் அதை மாட்டி
இறுக்கிக் கட்டினான்.
இறங்கி வந்து அரசியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.*

அவ்வளவுதான்.
இனி அவன் விழுந்தால் எழுப்ப ஓசையில்லை.
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடி அறையில்,
கீழே ஆட்கள் விளக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டும்
நான் கைப்பிடியைத் தொடவில்லை.

பிறகு ஒர்லிக்குக்கு ஒரு வரி எழுதினேன்.
"இந்த சூப் யாருக்காவது வேண்டுமா?"
அவனுக்கு வேறென்ன தெரியும், பாவம்.
அரசி சிரித்தாள், பதினொரு புத்தகத்தில் இல்லாத சிரிப்பு.
அதுவும் என்னுடையதென்று சொல்லமாட்டேன்.

குறிப்பைத் திருத்த வேண்டும்.
ஒன்பதாம் புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன்.
தம்பி வெறுங்கையோடுதான் போகிறான்.
கையுறை எங்குமே இல்லை.

இடது கை. சாம்பல் கம்பளி.
கட்டைவிரலில் தைத்த நூல் மட்டும் பச்சை.

அது என்னுடையது.