பிழைத்தவர்கள்

தாய்தோங் கண் மருத்துவமனை, காலை பத்து மணி.
படகிலிருந்து நேரே வந்திருக்கிறார் தாவோ மீனவர்,
சட்டையில் டீசல், இடக்கண்ணில் புரை.
சொட்டு மருந்து விடும் எலெங் மலைக்காரி, பைவான்.
சீனத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் பேச்சில் கண்ணுக்கு என்ன, என்றேன்.
அவள் ‘மாத்சா’ என்றாள்.
அவர், ‘மாத்தா’.
அவ்வளவுதான் எல்லைக்கோடு.
அந்த ஒரு ‘ச்’ உதிர்ந்த கரையிலிருந்து
சமோவா வரை மாத்தா, ஹவாயில் மாக்கா.
பசிபிக்கில் பாதி ஒரே கிளையில் தொங்குகிறது;
மற்ற கிளைகள் எட்டோ ஒன்பதோ
(எண்ணிக்கையில் இன்னும் சண்டை)
இந்தத் தீவின் பேருந்துத் தடங்களுக்குள்.
ஆமிஸ்காரர்களும் மாத்தா என்பார்கள்,
அந்தத் தலைவலி வேறு.

‘லீமா’ என்று இருவரும் கை விரித்தார்கள்:
கையும் அதுதான், ஐந்தும் அதுதான்.
பாருங்கள், சொந்தக்காரர், என்று சிரித்தாள் எலெங்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
பூர்வீகச் சொத்து எவரிடமும் மிஞ்சும்,
சாட்சியாகாது.
ஒரே தப்பைச் சேர்ந்து செய்திருக்க வேண்டும்.
எங்கள் தொழிலில்
கூடிப் பிழைத்தவர்களே கூடப்பிறந்தவர்கள்.

படிவத்தில் அவர் பெயர் சியாமன் மனிதோங்:
மனிதோங்கின் அப்பா.
பிள்ளை பிறந்ததும் பழைய பெயர் போய்விட்டதாம்.
எங்கள் மூலமொழியும்
பிள்ளைகளை வைத்துப் பெயரிட்ட தகப்பன்தான்.
நேரில் கேட்டவர் இல்லை என்பதற்கு
முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவோம்.

மறுநாள் கட்டை அவிழ்த்து
எலெங் கையை நீட்டினாள்: எத்தனை விரல்?
அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
‘லீமா.’
சரி, என்று எழுதிக்கொண்டாள்.