சின்ன கனம்

முதல் சாற்றை மட்டும் வடித்து
நான்கு மணி நேரம் காய்ச்சினேன்,
கம்பிப் பதத்துக்கு இரண்டடி முன்னால்
அடுப்பை அணைத்தேன்.
ஹாப்ஸ் பேருக்குத்தான்.
கல்யாணத்துக்கு வந்து
கை நனைத்துப் போகும் தூரத்துச் சொந்தம்.

எழுபது நாள் குளிரில் கிடந்தது.
எக்சைஸ்காரர் வந்து கேட்டார்,
"எட்டைத் தாண்டலையே?"
ஏழு புள்ளி எட்டு, சார்.

கரும்பலகையில் 'வீ ஹெவி' என்று எழுதி
கீழே சாக்பீஸில் தமிழும் போட்டேன்.
ஹென்னூரில் அதை வாசிக்க நாலு பேர் உண்டு.

அன்றைக்கு மழை.
மூன்றாம் மேசை ஜஸ்டஸ் ஒரு வாய் குடித்துக் கையைத் தூக்கினார்.
"ஜில்லுன்னே இல்லையே."
ஜில்லுன்னு இருந்தா இது பேசாது.
உள்ளங்கையில வெச்சிருங்க.

போன் வந்தது, வீட்டு ஓனர்.
பெயிண்டுக்கென்று அட்வான்ஸில்
ஒரு மாத வாடகை பிடிப்பாராம்.
கன்னடத்தில் கிளம்பிய சண்டை
ஆங்கிலத்தில் ஏறி
தமிழில் வந்து நின்றது.
நடுநடுவே உறிஞ்சினார், கவனமில்லாமல்.

கருகப்போகும் நொடியில் இறக்கிய சர்க்கரை.
கொட்டை நீக்கிய பேரீச்சை.
ரொட்டியின் கறுத்த ஓரம்.
கசப்பைத் தேடினால்
அது ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.
அப்புறம், இரண்டு தெரு தள்ளி
யாரோ விறகை அணைத்த வாசனை.
விழுங்கிய பிறகுதான் சூடு,
நெஞ்சுக்குள் ஜீரோ வாட் பல்பு மாதிரி.

அவர் பேச்சு நின்றது.
கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தார்,
புளி போட்டுத் துலக்காத செம்பு.

"சரி, பெயிண்ட்தானே,
பிடிச்சுக்கோங்க" என்றார் போனில்.

பில் வந்ததும்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
என்னைக் கூப்பிட்டார்.
"முந்நூறு மில்லிக்கு இவ்வளவா?"